காட்டுக்கிழங்கு தோண்டப் போகும் தம்பிக்கு

ஆவணி லீவில் நண்பர்கள் இரண்டு பேரோடு குடும்பிமலைப் பக்கம் போய், காட்டில் கிடைப்பதை மட்டும் சாப்பிட்டு இரண்டு நாள் இருந்து பார்க்கப்போகிறோம் என்கிறீர்கள். எதைத் தின்னலாம், எப்படி அடையாளம் காண்பது, போனில் படம் எடுத்தால் செடியின் பெயர் சொல்கிற செயலிகளை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவின் ஊர் களுவாஞ்சிகுடி, நீங்கள் வளர்ந்தது கொழும்பு என்றும் எழுதியிருந்தீர்கள்.

நான் படுவான்கரைக்காரன். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே பொழுது எழுகிற பக்கம் எழுவான்கரை, மேற்கே பொழுது படுகிற பக்கம் படுவான்கரை என்று உங்கள் அம்மா சொல்லித் தந்திருப்பார். காடு இருப்பது எங்கள் பக்கம். விவசாயப் போதனாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் காட்டுச் சாப்பாடு பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி என் பெத்தா, அதாவது பாட்டி, சொல்லித் தந்தது. அவ பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை.

முதலில் ஒரு திருத்தம். மலைக்காடு என்று எழுதியிருக்கிறீர்கள். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டிலும் நக்கிள்ஸ் மாதிரியோ சிங்கராஜ மாதிரியோ ஈரம் சொட்டும் காடு கிடையாது. சமதரை, இடையிடையே தலை நீட்டும் கற்பாறைக் குன்றுகள், சுற்றி உலர்வலயக் காடு, அவ்வளவுதான். குடும்பிமலையும் அப்படித்தான்: தூரத்திலிருந்து பார்த்தால் குடுமி முடிந்த தலை. சிங்களத்தில் தொப்பிகல என்பார்கள். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் வாடைக்காற்றோடு வருகிற மழைதான் இந்தக் காட்டுக்குச் சாப்பாடு. மீதி மாதங்களில் அது சேர்த்து வைத்ததைத் தின்று உயிர் பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் வரப்போகிற ஆவணி அந்தப் பஞ்சகாலத்தின் கடைசி. அப்போது காடே பசித்துக் கிடக்கும்.

இன்னொன்று, உள்ளே போகப் போகச் சாப்பாடு கூடும் என்று நினைக்காதீர்கள். வெயில் விழாத அடர்காட்டில் தரையில் தின்ன ஒன்றும் முளைக்காது. சாப்பாடு இருப்பது ஓரங்களில்: குளக்கட்டு, கைவிட்ட சேனை (காடு வெட்டி எரித்துப் பயிர்செய்த நிலம்), பாறைக்கும் காட்டுக்கும் நடுவிலுள்ள வெளி, மாட்டுப்பட்டி போட்டு எழுப்பிய இடம். பெத்தா காட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினால் நடுக்காட்டுக்குப் போனதே இல்லை. காட்டை இடப்பக்கம் வைத்துக்கொண்டு ஓரமாகவே நடந்து, பொழுது ஏறுமுன் கடகம் நிறைத்துக்கொண்டு திரும்பிவிடுவா.

பழத்திலிருந்து தொடங்குவோம், அதுதான் ஆபத்துக் குறைவு. இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாவற்குடா, நாவற்காடு, ஈச்சந்தீவு, விளாவட்டவான், பனிச்சங்கேணி, புளியந்தீவு. ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் என்ன தின்றார்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது. பனிச்சை மட்டும் கொஞ்சம் வேறு கதை. அதன் காயைத் தின்றதைவிட வலைக்குப் போட்டதுதான் அதிகம். நைலோன் வலை வருமுன், பருத்தி நூல் வலை உப்புத்தண்ணீரில் உக்கிப்போகாமல் இருக்கப் பனிச்சங்காயை இடித்து அந்தச் சாற்றில் ஊறப்போடுவார்கள். பழுத்தால் தின்னலாம். காயைக் கடித்தீர்களோ, நாக்கைச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

காட்டின் அரசன் பாலைப்பழம். வைகாசி, ஆனி, ஆடி என்று பழுக்கும். மஞ்சள் நிறம், சுண்டுவிரல் நுனியளவு, தேன்மாதிரி இனிப்பு. பெயருக்கு ஏற்றபடி பாலும் இருக்கிறது. இருபது முப்பது பழம் தின்றதும் மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதில் நாங்கள் போகுமுன்னே உதட்டில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டுதான் போவோம். பூசாமல் வந்தவன் பேசமுடியாமல் உம்மென்று வீடு திரும்புவான், கேட்காமலே தெரிந்துவிடும் எங்கே போனான் என்று. அதே காலத்தில் வீரையும் பழுக்கும். சிவப்பாய்க் கண்ணைப் பறிக்கும், சதை என்னவோ கொட்டையைச் சுற்றி ஒரு மெல்லிய பூச்சுத்தான். வாயில் போட்டுச் சூப்பித் துப்பவேண்டும். முரலி, சூரை, காரை எல்லாம் நடந்துகொண்டே பறித்துப் போடுகிற சின்னப் பழங்கள். சூரைக்குப் பின்னால் வளைந்த முள் இருக்கிறது, சட்டையை விட்டுக்கொடுக்காது.

பாலையும் வீரையும் பழுக்கும் காலத்தில் அந்த மரங்கள் உங்களுடையவை அல்ல, கரடியுடையவை. இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் கரடியனாறு என்றே ஓர் ஊர் இருக்கிறது. பாலை பழுத்தால் கரடி மரத்திலேயே ஏறி இருந்து தின்னும். யானை உங்களைக் கண்டு விலகிப்போகவும் கூடும். கரடி அப்படியில்லை: கண்பார்வை மட்டம், காதும் தின்னும்போது வேலை செய்யாது, கிட்டப்போன பிறகுதான் உங்களைக் காணும், கண்டதும் பயத்தில் நேரே முகத்துக்குப் பாயும். பட்டையில் நகம் கீறிய தடம் புதிதாக இருந்தால், மரத்தடியில் கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்தால், அந்த மரத்தை அதற்கே விட்டுவிட்டு வாருங்கள். காட்டுக்குள் பேசிக்கொண்டே நடப்பதும் நல்லது. பெத்தா பாடிக்கொண்டே போவா. பக்தியில் பாடுகிறா என்று நான் நினைத்திருந்தேன். பிறகுதான் விளங்கியது, கரடிக்குச் சொல்லிவிட்டுப் போகிறா என்று.

இனிக் கிழங்கு. உங்கள் கேள்வியில் உண்மையில் பாரமான விஷயம் இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நேரம் நிற்கிறேன்.

உலர்வலயக் காட்டில் வயிறு நிறைக்கிற சாப்பாடு என்றால் காட்டு வள்ளிக்கிழங்குதான். பழம் வாய்க்கு, கிழங்கு வயிற்றுக்கு. இந்த நாட்டுப் பழங்குடிகளான வேடர் பல தலைமுறை உயிர்வாழ்ந்தது இதையும் தேனையும் இறைச்சியையும் வைத்துத்தான். வள்ளியில் பல சாதி உண்டு. எங்கள் பக்கம் அதிகம் தோண்டுவது ஐந்து இலை கைவிரல்போல் விரிந்த சாதி. கொடியில் முள் இருக்கும், கிழங்கு மேலெல்லாம் தாடிமாதிரி வேர். அம்பாறைப் பக்கத்துச் சிங்களவர் கட்டுவல என்பார்கள். கட்டு என்றால் அவர்கள் மொழியில் முள். அவித்தால் மாவாய் உதிரும். உப்புப் போட்டு அவித்துத் தேங்காய்ச் சம்பலோடு தின்றால் மரவள்ளி எல்லாம் பக்கத்தில் நிற்காது. தணலில் சுட்டால் இன்னும் ஒரு படி மேல்.

சிக்கல் என்னவென்றால், மாரி மழையில் தழைக்கிற கொடி தன் சத்தையெல்லாம் கிழங்குக்கு அனுப்பிவிட்டுப் பங்குனி, சித்திரையில் காய்ந்து விழுந்துவிடும். கிழங்கு பெருத்து ருசியாக இருப்பது அதற்குப் பிறகுதான். அதாவது தோண்டவேண்டிய காலத்தில் இலை இல்லை, பூ இல்லை, அடையாளம் என்று ஒன்றும் இல்லை. ஒரு காய்ந்த நூல் மரத்தில் தொங்கும், அதுவும் பாதி இடத்தில் அறுந்திருக்கும். அந்த நூலைப் பார்த்து இது எந்தக் கொடி என்று எவராலும் சொல்லமுடியாது, பெத்தாவாலும் முடியாது. அவ என்ன செய்வா என்றால், மார்கழியில் கொடி பச்சையாய் இருக்கும்போதே போய், பக்கத்து மரத்தில் பழைய சீலைக்கிழிசல் ஒன்றை முடிந்துவிட்டு வருவா. வெள்ளைக்கிழிசல் என்றால் வள்ளி. சிவப்பு என்றால் கிட்டப்போகாதே. ஆடியில் தோண்டப் போகும்போது கொடியைத் தேடமாட்டா, கிழிசலைத்தான் தேடுவா.

சிவப்புக் கிழிசல் எதற்கு என்றால், கார்த்திகைக் கிழங்குக்கு. கார்த்திகைப்பூ உங்களுக்குத் தெரிந்திருக்கும், கீழே மஞ்சளும் மேலே சிவப்புமாய் இதழ் பின்னுக்கு மடிந்து எரிகிற தீபம்போல் இருக்கும். அதன் கிழங்கு கொடிய நஞ்சு. அதுவும் மாரியில் தழைத்துக் கோடையில் காய்ந்துபோகிற கொடி, வள்ளி நிற்கிற அதே பற்றைகளில்தான் அதுவும் நிற்கும். பச்சையாய் இருக்கும்போது இரண்டையும் ஒரு பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லும். கார்த்திகைக் கொடியின் இலை ஒடுக்கம். நுனி நீண்டு சுருண்டு ஒரு பற்றுக்கம்பியாக மாறும், அதால் பிடித்துத்தான் ஏறும். வள்ளிக்குப் பற்றுக்கம்பியே கிடையாது, தண்டே மரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறும். இலை காய்ந்து உதிர்ந்த பிறகு இந்த வித்தியாசம் எங்கே போய்த் தேடுவது?

எனக்குப் பத்து வயது இருக்கும். பெத்தா வள்ளி தோண்டிக்கொண்டிருந்தா. அலவாங்கால் குத்தி, கையால் மண் வாரி, முழங்கை ஆழம் போய்விட்டா. நான் கெட்டித்தனம் காட்டுவதற்காகப் பத்தடி தள்ளி இன்னொரு காய்ந்த கொடியடியைக் கிளறினேன். என் கிழங்கு லேசாய் வந்துவிட்டது. ஒரு சாண் ஆழம்கூட இல்லை. வழுவழுப்பாய், வெளிர் பழுப்பாய், வேர்த்தாடி எதுவும் இல்லாமல், சின்ன வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி) இரண்டைக் குதியில் ஒட்டவைத்தது மாதிரி. பார்க்கவே ஆசையாக இருந்தது. ஓடிப்போய்க் காட்டினேன். பெத்தா அதைக் கையில் வாங்கவில்லை. “இஞ்ச பாரு மனே, இது எப்பிடி வளைஞ்சிருக்கு?” என்று கேட்டா. கலப்பைமாதிரி என்றேன். “அதான் அதுக்குப் பேரு கலப்பைக்கிழங்கு” என்று சொல்லிவிட்டு, கிழங்கைத் தட்டிவிட்டு, என் இரண்டு கையையும் மண் போட்டுத் தேய்த்துக் கழுவவைத்து, அதன் பிறகு முதுகில் ஒன்று வைத்தா. அந்த அடி இன்றும் நினைவிருக்கிறது, கிழங்கின் வளைவும் அப்படியே நினைவிருக்கிறது.

இலகுவாக வந்த கிழங்கைச் சந்தேகப்படு என்பது அவ சொன்னது. அதை ஒரு சட்டமாக எடுக்காதீர்கள், ஆனால் எங்கள் காட்டு வள்ளி ஆழம் போகிற கிழங்கு என்பது உண்மை.

கார்த்திகைக் கிழங்கில் உள்ள நஞ்சு கொல்சிசின். கவுட் (gout) என்கிற மூட்டு நோவுக்கு மிகச் சின்ன அளவில் மருந்தாகவும் கொடுக்கிறார்கள். இலங்கையில் இதை வள்ளி என்றும் வத்தாளை என்றும் நினைத்து அவித்துத் தின்று செத்தவர்கள் இருக்கிறார்கள். அவிப்பதால் நஞ்சு போகாது. மோசமான சங்கதி, தின்ற உடனே ஒன்றும் தெரியாது. சில மணித்தியாலம் கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றோட்டம் தொடங்கும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று படுத்துவிடுவார்கள். அதற்குள் நஞ்சு உடம்பெல்லாம் போயிருக்கும். தப்பியவர்களுக்கு ஒன்றிரண்டு கிழமையில் தலைமயிர் கொட்டும். எங்கள் ஊரில் ஒருவர் அப்படி மொட்டைத் தலையோடு திரும்பி வந்ததை நானே பார்த்தேன். ஏதாவது சந்தேகம் என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், மீதிக் கிழங்கைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸ் வரும். ஆனால் குடும்பிமலைக்குள் எல்லா இடத்திலும் போனுக்குச் சிக்னல் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

செயலி பற்றிய கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பூவும் இலையும் இருந்தால் செயலி பலமுறை சரியாகச் சொல்கிறது, நானும் பேத்தியின் போனில் போட்டுப் பார்த்திருக்கிறேன். காய்ந்த நூலையும் மண்ணொட்டிய கிழங்கையும் காட்டினால் அதுவும் ஏதோ ஒரு பெயரைச் சொல்லத்தான் செய்யும். ஒரு பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் செயலி போதும், வாயில் வைக்கப் போதாது. ஒரு செடியை மழையில், பூக்கும்போது, காய்க்கும்போது, காயும்போது என்று ஒரு முழு வருசம் பார்த்த பிறகுதான் அது உங்களுக்குத் தெரிந்த செடி.

தோண்டிய பிறகு இன்னொரு வேலை உண்டு. கிழங்கின் தலைப்பக்கம், கொடி முளைத்த அந்த முனையை நாலு விரற்கடை விட்டு வெட்டி, அதே குழியில் நட்டு மண்ணைத் தள்ளி மூடவேண்டும். அடுத்த மாரியில் அது திரும்பத் தழைக்கும். வேடரும் இப்படித்தான் செய்வார்கள். மூடாமல் விட்ட குழியில் மாடும் விழும், ஆளும் விழும். கொடியிலேயே காய்போல் தொங்குகிற வள்ளி ஒன்றும் இருக்கிறது. காட்டில் கிடைப்பது பெரும்பாலும் கசக்கும். கசப்பு என்றால் எங்கள் வீட்டில் எறிந்துவிடுவோம். சாம்பலில் போட்டு, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்காக ஊறவைத்து நஞ்செடுக்கிற முறைகள் உண்டு. பார்த்துப் பழகாமல் அதில் கைவைக்கவேண்டாம்.

குளத்துக் கிழங்குகள் எவ்வளவோ மேல். தண்ணீர் வற்றிய குளத்தில் கொட்டிக்கிழங்கும் அல்லிக்கிழங்கும் கிடைக்கும். சேற்றில் காலால் தடவி எடுக்கவேண்டும், அவித்தால் கடலைமாதிரி. மாற்றி எடுக்கிற பயம் குறைவு. முதலை பற்றிய பயம் மட்டும் இருக்கவேண்டும்.

கீரைக்குப் பெரிய காடே வேண்டாம். மழை பெய்து பத்து நாளில் வேலியோரமெல்லாம் கீரைதான். முசுட்டை இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளிமாதிரி மினுங்கும், பட்டுத்துணி போலிருக்கும். நறுக்கித் தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டினால் சோற்றுக்கு வேறொன்றும் வேண்டாம். தகரை, சாரணை, முடக்கொத்தான், தூதுவளை எல்லாம் உங்கள் அம்மாவுக்கே தெரியும், என்னைக் கேட்கத் தேவையில்லை. தகரையை மட்டும் முதல் மழைக்கு முளைக்கும் குருத்தாகப் பறிக்கவேண்டும். முற்றினால் நாற்றம். நீங்கள் வரும் ஆவணியில் இவற்றில் பெரும்பாலானவை காய்ந்திருக்கும்.

காளான் பற்றி நான் கண்டிப்பானவன். மாரி இடியோடு புற்றுகளில் முளைக்கிற புற்றுக்காளான் ஒன்றைத்தான் எங்கள் வீட்டில் தின்போம். அதன் காம்பு மண்ணோடு முடிந்துவிடாது. மெல்ல மெல்லத் தோண்டினால் வேர்போல் நீண்டு புற்றுக்குள் கறையான் வளர்க்கும் பூஞ்சணக் கூடுவரை போகும். அந்த வேர் இல்லையென்றால் பெத்தா குனிந்தும் பார்க்கமாட்டா. புல்வெளியில் வெள்ளைக்குடை பிடித்து நிற்கிற பெரிய காளான் ஒன்று இருக்கிறது. பார்க்க அழகு, முற்றினால் குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் பச்சை பாயும். வெப்பநாடுகளில் காளான் தின்று வாந்தியெடுப்பவர்களில் பலர் அதைத் தின்றவர்கள்தான். மஞ்சள் போட்டு அவித்தால் தெரியும், வெள்ளிக்காசு கறுக்கும், பூச்சி தின்றிருந்தால் நாமும் தின்னலாம் என்று ஊரில் சொல்வதெல்லாம் பொய். பூச்சியின் வயிறு வேறு, நம்முடையது வேறு.

காஞ்சூரையையும் சொல்லிவிடுகிறேன். எட்டி என்றும் சொல்வார்கள். நல்ல தோடம்பழ (ஆரஞ்சுப்பழ) நிறத்தில் உருண்டையாய்ப் பழுத்துத் தொங்கும், தாகத்தோடு வருகிறவனுக்குத் தோடம்பழமாகவே தெரியும். கொட்டையில் ஸ்ட்ரிக்னின். “எட்டி பழுத்தென்ன” என்று பழமொழி சும்மா வரவில்லை. குரங்கு தின்கிறதே என்று சிலர் கேட்பார்கள். குரங்கு சதையைத் தின்று கொட்டையைத் துப்பிவிடுகிறது.

தேனுக்கு ஆசைப்படுவீர்கள் என்று தெரியும். காட்டில் நாலுவகைத் தேன். பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் கதவகலத்துக்குத் தொங்குவது மலைத்தேனீயின் கூடு. மரப்பொந்துக்குள் இருப்பது பொந்துத்தேன். கிளையில் உள்ளங்கையளவு ஒற்றை அடை கட்டுவது கொம்புத்தேன். கொட்டாத கொசுத்தேன் ஒன்று, சின்ன ஓட்டைக்குள் மெழுகுக்குழாய் நீட்டி இருக்கும், புளிப்பான தேன், கரண்டிக்கணக்கில்தான் கிடைக்கும், மருந்துக்கென்று எடுத்துவைப்பார்கள். காட்டுமரங்கள் பூத்து முடிந்து அடை நிறைவது வைகாசிக்குப் பிறகு. மலைத்தேன் எடுப்பது பழகியவனின் வேலை. கோபித்தால் அது கூட்டமாய் வரும், தண்ணீருக்குள் முங்கினாலும் மேலே காத்துக்கொண்டு நிற்கும். கொக்கட்டிச்சோலைக் கோயில் தலக்கதையிலும் தேனெடுக்கப் போன ஒரு வேடன்தான் வருகிறான். கொக்கட்டி மரத்தைக் கொத்தினான், இரத்தம் பாய்ந்தது, அங்கே இலிங்கம் இருந்தது என்று. தேன் இருக்கும் மரத்தைத் தறிக்காதே என்று அதற்கு நான் என் வசதிக்கு ஓர் அர்த்தம் வைத்திருக்கிறேன், கோயில்காரர் கோபிக்கக்கூடாது.

வேடர் என்றதும் கொழும்புக்காரருக்கு வேடர் கிராமமான தம்பானைதான் நினைவுக்கு வரும். வாகரைப் பக்கம் கடலோர வேடர் இருக்கிறார்கள், பேசுவது தமிழ், கும்பிடுவது குமார தெய்வம். வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர் செலிக்மன் தம்பதி 1911-ல் வேடரைப்பற்றி எழுதிய புத்தகத்திலேயே இவர்களைப்பற்றி இருக்கிறது. கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து தப்பிய ரொபட் நொக்ஸ் 1681-ல் எழுதியதில், வேடர் இறைச்சியை மரப்பொந்தில் தேன் ஊற்றி அடைத்து, தட்டுப்பாடு வரும்போது எடுத்துத் தின்பார்கள் என்று ஒரு செய்தி வரும். குளிர்பெட்டிக்குப் பதில் தேன். இன்றைக்கு வேட்டை சட்டப்படி குற்றம், இறைச்சி பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

சட்டம் என்றதால், இதையும் கேளுங்கள். 1954-ல் பிரகடனம் செய்த கல்லோயாத் தேசியப் பூங்காவுக்குள் அனுமதிச்சீட்டு இல்லாமல் போகக்கூடாது, போனாலும் ஒரு நெல்லிக்காயைக்கூட எடுத்துவரக்கூடாது. சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தைச் சுற்றிய அந்தப் புல்வெளிக்காடு பார்க்கவேண்டிய இடம். கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும், அதாவது திரிபலா மொத்தமும், ஒரே வெளியில் நிற்கும். கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். குடும்பிமலைப் பக்கத்துக் காட்டுக்கும் வன இலாகாவில் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். போர்க்காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் சண்டை நடந்த நிலம், 2007 ஆடிவரை. கண்ணிவெடி அகற்றிவிட்டார்கள் என்றாலும் மண்ணில் தெரிகிற இரும்புத்துண்டு எதையும் தொடாதீர்கள், அலவாங்கைக் கண்ட இடத்தில் இறக்காதீர்கள்.

அந்தப் போர் இன்னொன்றும் செய்தது. 1990-க்குப் பிறகு எத்தனையோ வருசம் எங்கள் ஆட்களுக்குக் காடு பூட்டிக் கிடந்தது. இடம்பெயர்ந்து இருந்த பிள்ளைகள் பெத்தாவின் பின்னால் கடகம் தூக்கிக்கொண்டு நடக்கவில்லை. என் மகனுக்கே வள்ளிக்கொடி தெரியாது. அதனால்தான் நீங்கள் கேட்டதைப் பார்த்ததும் சிரிக்காமல் உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறேன்.

சரி, ஆவணிக்கு என்ன செய்யலாம்? இரண்டு நாளும் காட்டுச் சாப்பாட்டிலேயே இருக்கும் யோசனையை விடுங்கள். பாலை முடிந்திருக்கும், மண் கல்லாய் இறுகியிருக்கும். ஒரு கிழங்கு தோண்டச் செலவாகும் தெம்பு அந்தக் கிழங்கைத் தின்றாலும் திரும்பி வராது. வற்றிய குளங்களைச் சுற்றி யானை நிற்கும். குளத்துத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடித்தால் வயிறு கெடும், காலில் புண்ணோடு அதில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரவும் கூடும். அரிசியும் பருப்பும் ஆளுக்கு ஐந்து லீற்றர் தண்ணீரும் கொண்டு வாருங்கள். இரவு காட்டில் தங்கவேண்டாம். மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் மாடு மேய்க்கிற பட்டிக்காரரிடம் பேசிப் பாருங்கள். என்னைவிட அவர்களுக்கு இன்றைய காடு தெரியும், எந்த வழியில் யானை நிற்கிறது என்பது உட்பட. காட்டோரத்தில் விளாம்பழம் கிடைக்கும். பழுத்ததா என்று பார்க்க இடுப்பளவு உயரத்திலிருந்து தரையில் போடுங்கள். துள்ளினால் காய், துள்ளாமல் பொத்தென்று இருந்தால் பழம்.

கிழங்குதான் வேண்டும் என்றால் மார்கழி லீவில் வாருங்கள், சீலைக்கிழிசல் கட்டப் போவோம். வெள்ளையும் சிவப்பும் நீங்களே கொண்டு வாருங்கள், என் மனைவி இனிமேல் தன் சீலை ஒன்றையும் கிழிக்கவிடமாட்டாளாம். அந்த நேரம் குறிஞ்சாவும் குருத்துவிட்டிருக்கும். அதில் ஒரு இலையை நன்றாக மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணல் தின்ற மாதிரி இருக்கும், இனிப்பே தெரியாது. சலரோகத்துக்கு (நீரிழிவுக்கு) மருந்து எடுக்கிறவர்கள் மட்டும் அதை அளவாகச் சாப்பிடவேண்டும், சீனி இறங்கிவிடும். எங்கள் வீட்டில் குறிஞ்சாச் சுண்டல் போட்ட அன்று தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளித்தான் ஊற்றுவோம்.